கேக்கில் ஏறிய சாமி

2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை. காலையில் வழக்கம்போல் கேக் கடையின் பின்கதவைத் திறந்து, முதலில் குளிரறைக் கதவில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஐசிங் பிழியும் நாசில்களை வெந்நீரில் போட்டேன். எனக்கு உதவியாக இருந்த ரூபி அன்றைய ஆர்டர் சீட்டுகளை, கேக்கை வாங்க வருகிற நேரப்படி பலகையில் குத்தினாள். செங்கோடன் அடுப்பைப் பற்றவைத்து, "எரி சாமி" என்று அதனிடம் சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போனார். இரண்டு பிறந்தநாள் கேக், ஒரு பணி ஓய்வு விழா, மாலையில் சங்ககிரிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. 'வானம் தெளிவு, விசேஷம் ஒன்றுமில்லை' என்று டைரியில் எழுதினேன். அந்தக் குறிப்பை இரவு வந்து அடித்துவிட்டு மூன்று பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

இப்போது நான் வேலையில் இல்லை. மணிக்கட்டு ஒத்துழைக்க மறுத்ததால் சென்ற ஆண்டு விலகிக்கொண்டேன். ரூபிதான் கேக் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். பேரையும் படத்தையும் சர்க்கரைத் தாளில் அச்சடித்துத் தரும் இயந்திரம் ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம். வாடிக்கையாளரே கைப்பேசியில் பேரைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாமாம். "இனிமே பேர்ல தப்பே வராது அக்கா. நீங்க அந்த சாமி கேக் கதையை மட்டும் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்க நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள். அதற்காகத்தான் இது.

நான் சேலத்தில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு அந்தக் கடைக்கு பில் எழுத வந்தவள். கேக் செய்ய வந்தவள் அல்ல. என் பில் எழுத்தைப் பார்த்த முதலாளி ஜெரோம் சார், பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அதில் வனஸ்பதியை அடைத்துக் கொடுத்து, தட்டின் பின்புறத்தில் எழுதச் சொன்னார். முதல் வருடம் முழுவதும் எழுதினேன், வழித்தேன், மறுபடி எழுதினேன். எல்லா எழுத்தும் வந்தது, 'ழ' மட்டும் வரவில்லை. அதன் வால் போகும் வழியில் அறுந்துவிடும். இரண்டாம் வருடம் 'ழ' வந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஜெரோம் சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. அந்தப் பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. முடிந்த கேக்கைப் பார்க்க வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கை முன்னால் இருந்தால் தொட்டுவிடுவோம் என்ற பயம் அவருக்கே உண்டு. மேசையை ஒரு சுற்றுச் சுற்றுவார். நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. பிடித்திருந்தால் பஸ் கண்டக்டர் மாதிரி "ரைட்" என்பார். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு சுற்று வருவார். மூன்றாவது சுற்று வந்தால் கேக்கைக் கலைத்துவிட வேண்டியதுதான்.

அவரிடம் சில விதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. கல்யாணக் கேக்கைப் பற்றிப் பேசும்போது 'வெட்டுவது' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. ஒரு மண்டபத்தில் எங்கள் ஆள் ஒருவர், "எப்ப வெட்டலாம்?" என்று சத்தமாகக் கேட்கப்போய், பெண்ணின் பெரியப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். அதிலிருந்து நாங்கள் கேக்கை 'எடுப்போம்'. மெழுகுவத்தியை அணைக்கவும் மாட்டோம், 'குளிர வைப்போம்'. பேர் எழுதினால், கத்தி இறங்கும் இடத்தில் பேர் வராமல் எழுதுவோம். தாலி ஏறப்போகிற பெண்ணின் பேர் மேலோ மாப்பிள்ளை பேர் மேலோ கத்தி பட்டால் அந்தக் கேக்கை ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

பொங்கலுக்குப் பானை வடிவில் கேக் செய்ய ஆரம்பித்த வருடம், பனமரத்துப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து, பால் கிழக்குப் பக்கமாகப் பொங்க வேண்டும் என்றார். நான் ஐசிங்கை ஒரு பக்கமாக வழியவிட்டேன். மறுநாள் அவர் திரும்பி வந்து, பால் தெற்கே பொங்கிவிட்டது என்றார். கேக்கை அவர் தன் வீட்டில் எந்தப் பக்கம் பார்த்து வைத்தார் என்று நான் கேட்டேன். ஜெரோம் சார் அவர் எதிரில் என்னைக் கடிந்துகொண்டார். அடுத்த வருடம் முதல் ஒவ்வொரு பானைக் கேக்கின் அட்டையிலும் ஓர் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் கிழக்கு' என்று எழுதச் சொன்னார். அதன்பிறகு புகார் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் செய்த குடில் கேக்கில் கழுதையின் காது கொஞ்சம் குட்டையாகி, எங்கள் பங்குக் கோயிலில் எல்லாரும் அதை வெள்ளாடு என்றே சொன்னபோது மட்டும் அவரால் விதி எதுவும் போட முடியவில்லை. இரண்டு சுற்று வந்தார், 'வெள்ளாடும் வந்திருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விதிகளில் தலையாயது பேர் பற்றியது. வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நாமாகத் திருத்தக் கூடாது. நியூமராலஜி பார்த்து எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் காலம் வந்தபோது, ஒரு குழந்தையின் பேரில் தேவையில்லாமல் இருந்த ஒரு நெடிலை நான் குறிலாக்கிவிட்டேன். அந்த நெடிலுக்கு அவர்கள் ஜோசியரிடம் கொடுத்ததைக் கேக்குக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். "பேர்ல ஒண்ணு கூடிப்போனா மரியாதைன்னு எடுத்துக்குவாங்க. கொறைஞ்சு போனா சண்டைக்கு வருவாங்க" என்றார் ஜெரோம் சார். நாங்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டோம். இப்போது சங்ககிரிக் கேக்குக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருவர் கடைக்கு வந்தார். பேர் செல்லமுத்து. திருச்செங்கோட்டுக்காரர், சொந்தமாக ஒரு ரிக் வண்டி வைத்து வடக்கே போர்வெல் போடுகிறவர். சட்டையில் டீசல் வாசனை. ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிலும் ரிக் இல்லையே என்றார். கல்யாண வரவேற்புக்கு மூன்றடுக்குக் கேக், முட்டை சேர்க்காமல் செய்ய வேண்டும், உச்சியில் ஒரு ரிக் நிற்க வேண்டும், அதிலிருந்து தண்ணீர் பீறிட்டு வர வேண்டும்.

கல்யாணத்துக்கு எதற்கு ரிக் என்று கேட்டேன். "தண்ணி வர்றதைவிட நல்ல சகுனம் என்னங்க இருக்குது?" என்றார். ஆர்டர் புத்தகத்தில் 'ரிக்' என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு அவராகவே உட்கார்ந்து சொன்னார். கல்யாணப் பெண் கீர்த்தனா அவருடைய அக்காள் மரகதத்தின் மகள். தாய்மாமன் என்ற முறையில் எல்லாச் சீரும் அவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் காது குத்தியபோது, மாமன் மடியில்தானே உட்கார வைத்துக் குத்த வேண்டும், அந்த நேரத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரவில்லை. துளை போடும் இரும்பு ராடை இன்னும் ஒன்று இறக்கிப் பார்ப்போம், இன்னும் ஒரு ராடு என்று நேரம் போய்விட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, மரகதத்தின் சித்தப்பா மகனை உட்கார வைத்து அவர் மடியில் காது குத்திவிட்டார்கள். செல்லமுத்து சீர்த் தட்டுகளோடு போய் இறங்கியபோது, அக்காள் புருஷன் தங்கராசு வாசலிலேயே நிறுத்தி, "ராடு எறக்கி முடிஞ்சுதா?" என்று பத்துப் பேருக்கு நடுவில் கேட்டிருக்கிறார். அப்படியே திரும்பியவர்தான், அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

இப்போது கல்யாணத்திலும் மாமன் சீரைச் சித்தப்பா மகனே செய்யட்டும் என்று தங்கராசு முடிவு செய்துவிட்டார். பத்திரிகைகூட அனுப்பவில்லை. மரகதம் மட்டும் தனியாகப் போன் பண்ணி, தம்பி, நீ ஒரு கேக்கோட வா, பாத்துக்கலாம் என்றிருக்கிறார்.

"சேலை, தட்டு, தேங்காயின்னு எதைக் கொண்டுட்டுப் போனாலும் மொறை வேற ஒருத்தருதுன்னு தடுத்துருவாருங்க மாமா. கேக்குங்கறது நம்ம மொறையிலயே இல்லீங்க. இல்லாததை யாரு தடுப்பாங்க? அதைச் சாக்கா வெச்சு மேடையேறி, அந்தப் புள்ளைகிட்ட ஒருதரம் மாமனா நின்னுட்டு எறங்கிர்றனுங்க. ஆகலீன்னா அடுத்த ரயிலுக்கே திரும்பிருவேன்."

கேக்கை இவ்வளவு யோசித்து ஆர்டர் கொடுத்தவரை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. மாப்பிள்ளை பேர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அக்காளிடம் கேட்டுச் சொல்வதாகவும், மண்டபத்தில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதும்படியும் சொல்லிவிட்டு, அன்றைக்கே சத்தீஸ்கருக்கு ரயில் ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பின்னணியில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, செல்லமுத்து பேசறனுங்க. அக்காளைக் கேட்டுட்டனுங்க. பொண்ணு கீர்த்தனா, மாப்பிள்ளை கதிர்வேலு சாமி தப்பில்லாம எழுதீருங்க."

ரூபி காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைக்கு வந்திருந்தபோது அவர் என்னிடம் சாமி சாமி என்றுதான் பேசினாரா? நினைவில்லை. மறுபடி போட்டுக் கேட்டோம். கதிர்வேலுக்கும் சாமிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்ததுபோல் இருந்தது. அந்த இடத்தில்தான் கம்ப்ரசர் ஒரு தடவை இருமியது. சாமிக்கும் 'தப்பில்லாம'வுக்கும் நடுவிலும் இன்னொரு தடவை இருமியது. ரூபி ஆத்தூர்க்காரி. அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் சாமி என்று கூப்பிடுவதில்லை. பேர்தான் என்று அடித்துச் சொன்னாள். செங்கோடன் மாவுக் கையோடு வந்து கேட்டுவிட்டு, "சாமிங்கறது பேரு இல்லீங்க, அது நம்மளைக் கூப்புடறதுங்க" என்றார். ஜெரோம் சார் வந்தார். செங்கோடன் அடுப்பையும் சாமி என்கிறார், மிக்ஸியையும் சாமி என்கிறார், ஆகையால் அவர் சாட்சி செல்லாது என்று தீர்ப்பளித்தார். கந்தசாமி, குப்புசாமி, பழனிசாமி என்று சேலம் மாவட்டத்தில் பாதிப் பேர் சாமியில் முடிவது எல்லாருக்கும் தெரியும். செல்லமுத்துவுக்குப் போன் போட்டோம், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். அடுத்தடுத்த நாளும் அப்படியே. பத்திரிகை இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பத்திரிகை அவருக்கே வரவில்லை.

சொன்னதைச் சொன்னபடி எழுது என்றார் ஜெரோம் சார். 'கதிர்வேல்' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அந்த 'லு'வைக்கூட எடுக்கக் கூடாது என்றார்.

அடுக்குக் கேக்கின் பக்கவாட்டில் நேராக எழுதினால், எழுத்து காய்வதற்குள் கீழே இறங்கப் பார்க்கும். அதனால் ஃபாண்டன்ட்டைச் சப்பாத்திபோல் திரட்டி, நீளப் பட்டையாக நறுக்கி, மேசையில் படுக்க வைத்து எழுதுவோம். ஃபாண்டன்ட் என்பது சர்க்கரையில் பிசைந்த மாவு. எழுத்து காய்ந்த பிறகு, பட்டை காய்வதற்கு முன்பு, அதை வளைத்துக் கேக்கில் ஒட்டிவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். குங்கும நிறத்தில், 'கீர்த்தனா', நடுவில் ஒரு பூ, 'கதிர்வேலு சாமி'. நான் எழுதியதிலேயே நேரான வரி அது. உச்சியில் ரிக் நின்றது. நீல ஜெல்லியில் தண்ணீர் பீறிட்டது. ஜெரோம் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே ஒரு சுற்று வந்தார். "ரைட்" என்றார்.

பிப்ரவரி 9 மாலை, மூன்று அடுக்கையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துக் கடை வேனில் கிளம்பினேன். லாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சங்ககிரியைத் தாண்டி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேடைக்குப் பக்கத்து அறையில், அடுக்குக்குள் மூங்கில் குச்சிகளைச் செருகி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ரிக்கை நிறுத்தினேன். செல்லமுத்து ரயிலிலிருந்து இறங்கிய கோலத்தில் பையோடு வந்தார். ரிக்கைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, ராடு அடுக்கியிருக்கும் பக்கம் சரிதான் என்று சொன்னார். பிறகு கீழே பார்த்தார்.

"சாமி யாருங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, கதிர்வேலு சாமின்னு."

"மாப்பிள்ளை பேரு கதிர்வேலுங்க. சாமின்னது உங்களையுங்க."

"என்னையா?"

"ஆமாங்க சாமி."

அந்த நேரத்தில் மரகதம் உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்துக் கண் கலங்கியவர், கேக்கைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். விஷயம் இதுதான். மாப்பிள்ளை கதிர்வேல் கல்யாணமே வேண்டாம் என்று ஓர் ஆசிரமத்தில் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். மனம் மாறி வந்து, இந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்த் தானே சம்மதித்தார். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று யாரோ ஒருவர் பந்தியில் 'சாமியார் மாப்பிள்ளை' என்று கேலி பேசி, மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைக்கத் தங்கராசு பட்ட பாடு கொஞ்சமில்லை. அதிலிருந்து இந்தக் கல்யாணத்தில் 'சாமி' என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. சாமி கும்பிடப் போவதைக்கூடக் கோயிலுக்குப் போவது என்றுதான் சொல்கிறார்களாம்.

செல்லமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கெளம்பறனுக்கா" என்றார்.

பட்டையின் ஓரத்தில்தான் 'சாமி' இருக்கிறது, அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூ வைத்து மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். ஃபாண்டன்ட் காய்ந்து கேக்கோடு பிடித்திருந்தது. சின்னக் கத்தியை எடுத்து, 'லு'வுக்கும் 'சா'வுக்கும் நடுவில் வைத்தேன். கதவு திறந்தது. பட்டு வேட்டியில் தங்கராசு நின்றார்.

அவர் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். அழைக்காத மச்சினன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஒரு போர்வெல் வண்டி. அதன் கீழே 'சாமி' என்று எழுதியிருக்கிறது. யாரோ ஒரு பெண்பிள்ளை மாப்பிள்ளையின் பேர் மேல் கத்தி வைத்திருக்கிறாள்.

நான் கத்தியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

அவர் சத்தம் போடவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: "இத்தனை வருசம் கழிச்சு வந்து பொண்ணுக்குச் சீர் கொண்டாந்தயா, மாப்பிள்ளைக்குக் குத்தல் கொண்டாந்தயா?"

செல்லமுத்து எழுந்து பையை எடுத்தார். மரகதம் வழியை மறித்து நின்றார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். குரல் செய்தி, கம்ப்ரசர், ஆத்தூர், நியூமராலஜி என்று வரிசைப்படி சொல்லச் சொல்ல, அது எனக்கே நம்பும்படியாக இல்லை. தங்கராசு கேக்கைக் காட்டி, இதை எடுத்து வேனில் ஏற்றுங்கள் என்றார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தியை மேடைக்குக் கூப்பிட வந்தவர் அறைக்குள் வந்துவிட்டார். தங்கராசு சட்டென்று கேக்குக்கு முன்னால் போய் நின்றார். மூன்றடுக்குக் கேக்கை மறைக்க அவருடைய உடம்பு போதவில்லை. அந்த அம்மா அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கதிர்வேலு சாமி" என்று வாய்விட்டுச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "இது யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

தங்கராசு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா கவனிக்கவில்லை.

"நான் மட்டுந்தானுங்க அவனை இப்படிக் கூப்புடறது. பொறந்ததுலருந்தே கதிர்வேலு சாமின்னுதான் வாயில வரும். அந்த எடத்துக்குப் போயிட்டு வந்த பொறவு, நாலு பேரு சிரிப்பாங்கன்னு கூப்புடறதையே நிறுத்திப் போட்டனுங்க. ஊட்டுக்குள்ளகூட வெறும் கதிரு, கதிருன்னு… யாரோ ஊட்டுப் புள்ளையைக் கூப்புடற மாதிரியே இருக்குதுங்க."

மரகதம் சட்டென்று புரிந்துகொண்டு, என் தம்பிதானுங்க விசாரிச்சு எழுதச் சொன்னது என்றார். தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். ஆனால் செல்லமுத்து தலையை ஆட்டினார்.

"இல்லீங்க" என்றார். "தண்ணி இல்லாத எடத்துல இருக்குதுன்னு நான் சொன்னதில்லீங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் இந்தம்மாவைச் சாமின்னு சொன்னேன், அவங்க மாப்பிள்ளையைன்னு எழுதிப் போட்டாங்க. தப்பு நடந்து போச்சுங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கத்தி இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தார், முடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கேக் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேசை ஆடியது. ரிக் ஆடியது. நான் பாய்ந்து ரிக்கைப் பிடித்தேன். அப்போது கத்தி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்து மரகதம் சிரித்தார். தங்கராசு கொஞ்ச நேரம் முகத்தைக் கடுமையாகவே வைத்திருந்தார். மீசை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"தப்பாவே இருந்துட்டுப் போவுதுங்க. அதை அழிக்காதீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு செல்லமுத்துவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

அந்த அறையில் அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. தங்கராசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமனுங்க" என்றார். செல்லமுத்து பக்கம் திரும்பாமலே, "சட்டையை மாத்து மாப்ள, நேரமாவுது" என்றார்.

கேக் மேடையேறியது. செல்லமுத்து ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் தள்ளுமேசையைப் பிடித்துக்கொண்டோம். கேக்கைப் பார்த்ததும் கீர்த்தனா, "மாமா, ரிக்கா?" என்று கேட்டுவிட்டு, மாலையோடு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். போட்டோக்காரர் மாமன் நடுவில் வாருங்கள் என்றார். சீர் செய்ய வந்திருந்த சித்தப்பா மகன் தானாகவே ஒதுங்கி இடம் விட்டார். கேக்கை எடுத்தபோது பேருக்குக் கத்தி படாமல் மேலடுக்கிலிருந்தே எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கிருந்தோ ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து, பேர் இருந்த பட்டையை, ஒட்டியிருந்த கேக்கோடு சேர்த்து முழுசாகக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அன்று எனக்கு வந்த பயம் அத்தனையும் அந்தப் பட்டையைக் கழற்றும்போதுதான் இறங்கியது.

வேனில் ஏறியதும் ஜெரோம் சாருக்குப் போன் செய்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எழுத்து ஏதாவது இறங்கியதா என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன, ரைட்" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் செல்லமுத்து என்னை வழியனுப்ப வேன்வரைக்கும் வந்துவிட்டார். காலையில் முகூர்த்தத்துக்கு இருக்கப்போகிறீர்களா என்று கேட்டேன். மாமா மேடையேற விட்டதே பெரிது, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவேன் என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலிக்குப் போக எழுந்தபோதே கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. விளக்கைக்கூடப் போடாமல் அதைக் கேட்டேன். இந்தத் தடவை பின்னணியில் கம்ப்ரசர் இல்லை, நாதஸ்வரம் இருந்தது.

"ஏனுங்க, செல்லமுத்துங்க. வெடியால மாமா வந்து எழுப்புனாருங்க. பொண்ணு நெத்தியில மாமன் நீதான் பட்டம் கட்டணும், எந்திரிச்சுக் குளின்னாரு. கட்டறப்ப முடிச்சே உழுகலீங்க. கவுத்தோட ஒரு நுனியை அவரே புடிச்சுக்கிட்டாருங்க. கட்டிப்புட்டனுங்க. அதைச் சொல்லலாம்னுதானுங்க சாமி."

இன்னொரு தடவை கேட்டேன். கடைசிச் சொல்லில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பிறகு ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, அன்றைய நாளின் முதல் பேச்சாக, "ரொம்ப சந்தோசமுங்க சாமி" என்று சொல்லி அனுப்பினேன்.